ஒரு தாள், நான்கு பத்தி: மெக்ஷெய்ன் வேதவாசிப்பு அட்டவணை

பார்வைக்கு ஒன்றுமில்லாத பொருள். மடித்தால் வேதாகமத்தின் அட்டைக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் தேதி, அதற்கு நேரே நான்கு பத்திகளில் நான்கு அதிகாரங்கள். விளக்கவுரை கிடையாது, படம் கிடையாது, தியானச் செய்தியும் கிடையாது. 1842 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துப் புனித பேதுரு ஆலயப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் தம் சபையாருக்காகப் போட்டுக் கொடுத்தது இது. அடுத்த மார்ச்சிலேயே அவர் காய்ச்சல் கண்டு இறந்துபோனார், 29 வயதில். தாம் போட்ட அட்டவணையில் ஒரு சுற்றைக்கூட முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை. தாள் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது. அச்சுத் தாளாகவும் கிடைக்கிறது, வேதாகமச் செயலிகளிலும் இருக்கிறது.

ஒரு வருஷத்தில் வேதாகமத்தை முடிக்க எத்தனையோ திட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் 'முடிக்க முடியுமா, முடியாதா' என்றே பார்க்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது வேறு. சுற்றியிருக்கிற உலகம் நாள்தோறும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதரும் அவர் வீடும் கிறிஸ்தவர்களாகவே நிற்க இந்தத் தாள் எவ்வளவு கைகொடுக்கிறது?

இழுப்பு பெரும்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வேலையிடத்தில் ஒரு கேலி. 'அதையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சிரித்த முகம். கைபேசியில் மணிக்கணக்காக ஓடும் காட்சிகள், எது வெற்றி, எது அழகு, எது வெட்கப்பட வேண்டியது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வகுப்பில் தான் மட்டும் வேறுமாதிரி இருக்கிறோம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும் அந்த நிமிஷம். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஆராதனை இரண்டு மணி நேரம். பிரசங்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. தினமும் வருகிற இழுப்புக்குத் தினமும் ஒரு பிடிமானம் வேண்டும். அதனால்தான் அட்டவணை என்கிற வறண்ட பொருளுக்கு இவ்வளவு மதிப்பு.

முதலில் அளவு. 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. இந்த அட்டவணையில் பழைய ஏற்பாடு வருஷத்தில் ஒருமுறை வரும்; புதிய ஏற்பாடும் 150 சங்கீதங்களும் இரண்டுமுறை வரும். கூட்டினால் 1,599 அதிகாரங்கள். நாளுக்கு நான்கு இடம் என்றால் 365 நாளுக்கு 1,460 இடம்தான். மிச்சத்தைச் சமாளிக்கச் சிறிய அதிகாரங்களை, முக்கியமாகச் சங்கீதங்களை, இரண்டு மூன்றாகச் சேர்த்திருக்கிறார். மாறாக லூக்கா முதல் அதிகாரம் 80 வசனம் என்பதால் இரண்டு நாளுக்குப் பிரிகிறது. 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் பல நாளுக்குப் பிரிகிறது. நான்கையும் நிதானமாக வாசித்தால் பெரும்பாலான நாட்களில் இருபது நிமிஷத்திலிருந்து அரைமணி. நீளமான நாட்களில் அதற்கு மேலும் ஆகும்.

இந்தத் தாளின் உயிர் இருப்பது அதன் தலைப்புகளில். முதல் இரண்டு பத்திகளுக்கு 'குடும்பம்' என்று பெயர். அடுத்த இரண்டுக்கு 'அந்தரங்கம்'. வீட்டார் கூடி உட்கார்ந்து வாசிக்க இரண்டு அதிகாரம், அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு வாசிக்க இரண்டு அதிகாரம். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்கிற உபாகமம் 6ஆம் அதிகாரமும், அந்தரங்கத்தில் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு என்கிற மத்தேயு 6ஆம் அதிகாரமும் ஒரே தாளில் சேர்ந்துவிட்டன. இப்போதுள்ள பல பதிப்புகளில் இந்தத் தலைப்புகளை எடுத்துவிட்டு, வெறும் நான்கு பத்திகளாக அச்சிடுகிறார்கள். பெரிய இழப்பு. வாங்கிய தாளில் தலைப்பு இல்லையென்றால் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். விசுவாசம் என்பது அவரவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று உலகம் சொல்கிறது. வீட்டில் நாலு பேர் காதுபட வாசிக்கிற பழக்கம் அந்த எண்ணத்தையே அசைக்கிறது. வீட்டில் காட்டுவதற்கு மட்டும் விசுவாசம் இருந்து, தனியறையில் ஒன்றுமில்லாமல் போவது அதற்கு நேரெதிரான ஆபத்து. அதை மற்ற இரண்டு பத்திகள் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு நாளை மட்டும் எடுத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். ஜனவரி 26. குடும்பப் பத்திகளில் ஆதியாகமம் 27, மத்தேயு 26. அந்தரங்கப் பத்திகளில் எஸ்தர் 3, அப்போஸ்தலர் 26.

ஆதியாகமத்தில் யாக்கோபு அண்ணனின் வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு, கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு தகப்பன்முன் போய் நிற்கிறான். நீ யார் என்று கேட்டதற்கு ஏசா என்கிறான். கை ஏசாவின் கை. சத்தம் மட்டும் யாக்கோபின் சத்தம் என்று கண் மங்கிய ஈசாக்கு தடுமாறுகிறான். மத்தேயுவில் பேதுரு அரமனை முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். வேலைக்காரி கேட்கிறாள், மறுதலிக்கிறான்; இன்னொருத்தி சொல்கிறாள், மறுதலிக்கிறான்; நின்றவர்கள் வந்து உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள், மறுபடியும் மறுதலிக்கிறான். இரண்டு இடத்திலும் வேஷத்தின்மேல் சந்தேகத்தைக் கிளப்புவது குரல்தான். எஸ்தரில் மொர்தெகாய் ஆமானுக்கு முன் முழங்காலிடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் தான் யூதன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். அதற்கு விலையாக ஒரு ஜனம் முழுவதையும் அழிக்கக் கட்டளை பிறக்கிறது. அப்போஸ்தலரில் பவுல் விலங்கோடு நிற்கிறார். பைத்தியக்காரன் என்று பெஸ்து கத்தும்போதும் மகா கனம்பொருந்திய பெஸ்துவே என்றுதான் பதில் சொல்கிறார். அகிரிப்பா ராஜாவோ, நீ என்னைக் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறாயே என்கிறான்.

குடும்பமாக வாசிக்கிற இரண்டிலும் தன்னை மறைத்தவர்கள். தனியாக வாசிக்கிற இரண்டிலும் மறைக்காதவர்கள். நான்கு பத்தியும் ஒவ்வொரு புத்தகமாக வரிசையில் ஓடுகிறபோது அந்தத் தேதியில் இப்படி வந்து சந்தித்திருக்கின்றன. எல்லா நாளும் இப்படி அமையாது, அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் மாதத்தில் சில நாட்களாவது நான்கு அதிகாரமும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். ஒரே புத்தகத்தைத் தொடர்ச்சியாக வாசிக்கும் திட்டத்தில் இது நடக்க வழியில்லை.

ஜனவரி மாதத்து அந்தரங்கப் பத்தி, இழுப்புக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எஸ்றா, நெகேமியா, எஸ்தர் மூன்றும் அந்நிய சாம்ராஜ்யத்துக்குக் கீழே, எண்ணிக்கையில் சிறிய ஜனமாக வாழ்ந்தவர்களின் கதை. ஒருவன் அரசனுக்குப் பானபாத்திரக்காரனாக வேலை பார்த்துக்கொண்டே தன் நகரத்து மதிலுக்காக அழுகிறான்; ஒருத்தி தன் குலத்தைச் சொல்லாமல் அரமனைக்குள் போய், சொல்லியே தீரவேண்டிய நாளைச் சந்திக்கிறாள். பக்கத்துப் பத்தியில் அப்போஸ்தலருடைய நடபடிகள். ஜனவரி 11 அன்று வரும் 11ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் சீஷர்களுக்கு முதன்முதல் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வழங்குகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் மூன்றே இடத்தில்தான் இருக்கிறது: அங்கே ஒன்று, அகிரிப்பாவின் வாயில் ஒன்று, 1 பேதுரு 4இல் ஒன்று. மூன்றாவது இடத்தில் அது பாடுபடுவதோடு சேர்ந்து வருகிறது. நாம் இன்று படிவங்களில் எழுதுகிற சொல் அது.

அந்தப் பேதுருவின் நிருபத்தைத்தான் இந்தத் தாள் வருஷத்துக்கு இரண்டுமுறை வைக்கிறது, மே நடுவில் அந்தரங்கத்தில், நவம்பர் கடைசியில் குடும்பத்தில். அந்நியரும் பரதேசிகளுமாய் இருக்கிறவர்களுக்கு எழுதின கடிதம் அது. உங்களிலுள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது அதில் வருகிறது. 'பதில் சொல்ல' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு 'சாந்தத்தோடும்' என்பதை விட்டுவிடுகிறவர்கள் அநேகர். முழு நிருபத்தையும் ஐந்து நாள் தொடர்ந்து வாசித்தால் அப்படி விட முடியாது.

இந்த அட்டவணையை முழுதாகப் பின்பற்றுவதில் உள்ள பெரிய நன்மை இதுதான் என்பேன்: பிடித்த வசனத்தை மட்டும் எடுத்துக் கேடயமாகவோ தடியாகவோ பயன்படுத்த விடாது. உலகத்தைவிட்டுப் பிரிந்து போங்கள் என்கிற பகுதிகள் மட்டும் உங்களுக்குப் பிடிக்குமா? ஆகஸ்டு தொடக்கத்தில் எரேமியா 29 வந்து நிற்கும். பாபிலோனில் சிறையிருப்பவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். எல்லாரோடும் ஒத்துப்போவதுதான் அன்பு என்று நினைக்கிறீர்களா? அதே வாரத்தில் குடும்பப் பத்தியில் நியாயாதிபதிகள் வரும், தெலீலாள் மடியில் தூங்கி எழுந்த சிம்சோன், கர்த்தர் தன்னைவிட்டு விலகினதைக்கூட அறியாமல் இருந்தது வரும். அக்டோபர் நடுவில் தானியேல். கல்தேயரின் எழுத்தும் பாஷையும் மூன்று வருஷம் படிக்கிறான்; பெல்தெஷாத்சார் என்ற பெயரில் கூப்பிட்டால் வேலை பார்க்கிறான்; ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு போடுகிறான். அதையும் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டு, பிறகு அவன் வைத்த விசாரணைக்காரனிடம் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்கிறான். எதை ஏற்கலாம், எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பட்டியலாக எழுதிக் கொடுக்கும் கைப்புத்தகங்களைவிட இந்த மூன்றையும் வருஷாவருஷம் வாசிக்கிறவருக்கு நிதானம் அதிகம் வரும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். நான்கையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். அந்தரங்கப் பத்தி இரண்டும் காலையில், கைபேசியைத் தொடுவதற்கு முன்னால். குடும்பப் பத்தி இரண்டும் எல்லாரும் வீடு திரும்பியபிறகு, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். ஒருவர் ஓர் அதிகாரம், இன்னொருவர் அடுத்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடமும் ஒரு பகுதியைக் கொடுங்கள். சிறுவர்கள் இருந்தால் முழு அதிகாரம் வேண்டாம். நிகழ்ச்சி நடக்கிற எட்டுப் பத்து வசனம் போதும், மற்றதைப் பெரியவர் வாயால் சொல்லிவிடலாம். பிறகு ஒரே ஒரு கேள்வி. 'இதிலே யார் தனியாக நின்றது?' 'யார் பயந்தது?' இப்படி. பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்பதற்கு ஒழுங்கான பொருள் கிடைக்கும் என்பதை இந்தத் திட்டத்தின் நன்மைகளில் ஒன்றாக மெக்ஷெய்னே எழுதியிருக்கிறார். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்ல ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

வீட்டில் தான் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால் 'குடும்பம்' என்ற தலைப்பே மனதைக் குத்தும். அதற்காகத் தாளை ஒதுக்கிவிட வேண்டாம். சபையில் ஒருவரோடு பேசிவைத்துக்கொண்டு, இரவில் பத்து நிமிஷம் கைபேசியிலேயே அந்த இரண்டு அதிகாரத்தையும் ஆளுக்கு ஒன்றாக வாசிக்கலாம். எல்லாருக்கும் ஒரே தேதியில் ஒரே பகுதி என்பதால் இது எளிதில் நடக்கிறது. சபை முழுவதும் ஒரே மேய்ச்சலில் இருக்கவேண்டும் என்பதுதான் போதகரின் நோக்கமும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு அதிகாரம் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு: முதல் வருஷம் குடும்பப் பத்திகள் மட்டும், இரண்டாம் வருஷம் அந்தரங்கப் பத்திகள் மட்டும். குடும்பப் பக்கத்தில் ஆதியாகமம் முதல் 2 நாளாகமம் வரை, அந்தரங்கப் பக்கத்தில் எஸ்றா முதல் மல்கியா வரை. புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு பக்கத்திலும் முழுதாக இருக்கின்றன. ஆகவே இரண்டு வருஷத்தில் எதுவும் விடுபடாது.

கெட்டுப்போகிற இடங்களையும் சொல்லவேண்டும். முதலாவது, பின்தங்குவது. ஐந்து நாள் தவறினால் இருபது அதிகாரம் பாக்கி. அதை ஒரே நாளில் அடைக்க உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் அத்தோடு தாளை மூடிவிடுகிறார்கள். பாக்கியைத் தொடாதீர்கள். இன்றைய தேதியை எடுத்து வாசியுங்கள். விட்டது அடுத்த வருஷம் அதே தேதியில் காத்திருக்கும். தேதியிட்ட அட்டவணையின் வசதியே அதுதான்.

இரண்டாவது, லேவியராகமம். மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் பெரும்பகுதி ஓடும், அதுவும் குடும்பப் பத்தியில். பலி, குஷ்டம், தீட்டு என்று பிள்ளைகள் நெளியும் மாதம். ஆனால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பக்கத்துப் பத்தியில் சங்கீதங்கள் ஆரம்பமாகின்றன. அந்த மாதம் மட்டும் வரிசையை மாற்றி, சங்கீதத்தை முதலில் சத்தமாக வாசித்துவிட்டு, லேவியராகமத்தில் சில வசனங்களை மட்டும் எடுங்கள். சுற்றியிருந்த ஜனங்களைப்போல் இராமல் வேறாக வாழ அழைக்கப்பட்ட ஜனத்தின் புத்தகம் அது; 18ஆம் அதிகாரத்தின் தொடக்க வசனங்களே அதைச் சொல்லிவிடும். நவம்பரில் 1 நாளாகமத்துப் பெயர்ப் பட்டியல்களுக்கும் இதே உபாயம்.

மூன்றாவது, டிக் போடுவதற்காக வாசிப்பது. செயலியில் இது எளிதில் தொற்றிக்கொள்கிறது. தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக்கை காட்டுவதால் மனம் வசனத்தைவிட்டு எண்ணில் போய் நிற்கிறது. அந்த எண்ணிக்கையையும் நினைவூட்டலையும் அணைத்துவிடுவது நல்லது. காலை வாசிப்புக்கு அச்சுத் தாளும் அச்சு வேதாகமமுமே சிறந்தவை. எந்தத் திரை நம்மை இழுக்கிறதோ அதே திரையில் பிடிமானத்தையும் தேடுவது கடினம். பயணத்தில் செயலியின் ஒலி வாசிப்பு கைகொடுக்கும். மெக்ஷெய்ன் தம் அட்டவணையோடேயே நான்கு ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடுவது, சுயநீதி, அக்கறையில்லாத வாசிப்பு, தூக்கமுடியாத நுகமாகிப்போவது. விற்கிற பொருளின் குறையை அதன் உறையிலேயே அச்சிட்டதுபோல. இந்த நேர்மையே தாளின்மேல் நம்பிக்கை வைக்க ஒரு காரணம்.

குறைகள் இன்னும் உண்டு. பிப்ரவரி 29 இதில் இல்லை. விளக்கம் ஒன்றும் இல்லாததால், புதிய விசுவாசி எசேக்கியேலில் தனியாக மாட்டிக்கொள்வார். பக்கத்தில் ஒரு எளிய விளக்கவுரையோ, கேட்க ஒரு மூத்தவரோ தேவை. கத்தோலிக்க வாசகர்களுக்கு இது முழு வேதாகமம் ஆகாது. 73 நூல்களில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்களும் இங்கே இடம்பெறவில்லை. அதிலும் மக்கபேயர் விடுபடுவது இந்தப் பொருளுக்குக் கனமான இழப்பு: கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு அரசனின் காலத்தில் கிரேக்க வாழ்க்கைமுறையை ஏற்கும்படி வந்த நெருக்கடியையும், வீட்டுக்குள்ளேயே எழுந்த பிளவையும் நேராகச் சொல்லும் வரலாறு அது. அந்த நூல்களைத் தனியாக ஒரு மாதம் ஒதுக்கி வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பர் 31 வந்ததும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்றைய குடும்பப் பத்தியில் 2 நாளாகமம் 36. எருசலேம் எரிந்து, ஜனம் பாபிலோனுக்குப் போய், கடைசி வசனத்தில் பெர்சியாவின் ராஜாவாகிய கோரேசு விளம்பரம் செய்கிறான்: கர்த்தருடைய ஜனத்தில் எவன் இருக்கிறானோ அவன் போகட்டும். எருசலேமில் ஆலயம் கட்டக் கர்த்தர் தனக்குக் கட்டளையிட்டதாக அதே வசனத்தில் சொன்னாலும், 'போகட்டும்' என்பதற்குப் பிறகு எங்கே, என்ன செய்ய என்பது இல்லை. புத்தகம் அங்கேயே முடிந்துவிடும். வீட்டார் எல்லாரும் கேட்க அதை இரவில் வாசித்துவிட்டு, மறுநாள் காலை தனியாக உட்கார்ந்து ஜனவரி 1இன் அந்தரங்கப் பத்தியைத் திறந்தால் எஸ்றா 1. அதே ராஜா, அதே விளம்பரம், மூன்றாம் வசனத்தில் மிச்சம்: அவன் எருசலேமுக்குப் போய் ஆலயத்தைக் கட்டட்டும்.